மாட்டுக்கு ஒரு விதி, டிராக்டருக்கு ஒரு கயிறு

ஆற்காட்டிலிருந்து கலவைக்கோ திமிரிக்கோ போகிற சாலையில் உழவு நேரத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஒரு குட்டியானை வரும். அதன் முதுகில் ஒரு மினி டிராக்டர். பின்கதவு மூடாது, ஏனென்றால் ரோட்டவேட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிராக்டரை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு நைலான் கயிறு. அந்தக் கயிற்றின் மீது கட்டியவர்களுக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. அதனால்தான் டிராக்டர் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி வருகிறார். கேட்டால் ஒரே பதில்தான். "கயிறு கட்டிக்கினுதானே போறோம்ணா, இன்னா ஆயிடப் போவுது?"

இன்னா ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. இந்தக் கட்டுரை அந்த டிரைவரைத் திட்டுவதற்காக அல்ல. டிரைவரைத் திட்டுவது சுலபம், செலவும் இல்லாதது. அதனால்தான் எல்லோரும் அதையே செய்கிறார்கள். திட்டு வாங்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

முதலில், இந்த இயந்திரங்கள் ஏன் இப்படி ஊர் ஊராகச் சுற்றுகின்றன? தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் நிலத்தின் சராசரி, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் இரண்டு கூட முழுசாக இல்லை. இதற்கு யாரும் சொந்தமாக டிராக்டர் வாங்க முடியாது, வாங்கினாலும் கட்டாது. ஆகவே பத்து ஊருக்கு ஒரு இயந்திரம், மணிக்கு இத்தனை என்று வாடகை. இது நல்ல ஏற்பாடுதான். அரசாங்கமும் இதைத்தான் ஊக்குவிக்கிறது. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியது. அதன்படி சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் பாதி விலை வரை மானியம், மற்றவர்களுக்கு நாற்பது சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. வாடகை மையம் வைப்பவர்களுக்கும் மானியம் உண்டு.

வாடகை இயந்திரம் என்றாலே நகர்கிற இயந்திரம் என்றுதானே அர்த்தம்? இன்று திமிரி, நாளை கலவை, மறுநாள் செய்யாறு ரோடு. பவர் டில்லரை ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போக முடியாது. மினி டிராக்டரை ஓட்டலாம். ஆனால் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடக்கிற இடத்தில் அந்த வேகத்தில் போவது தற்கொலை முயற்சிக்குச் சமம். ஆக, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இயந்திரத்துக்குப் பாதி விலை கொடுத்த அரசாங்கம், அதை ஏற்றி இறக்க ஒரு பலகைக்கு என்ன கொடுத்தது? யோசித்துப் பாருங்கள்.

இனி கணக்கு. டாடா ஏஸ் 2005-ல் வந்தது. வந்த வேகத்தில் தமிழ்நாட்டில் குட்டியானை என்று பெயர் வாங்கிக்கொண்டது. அந்த வகை வண்டி ஏற்றக்கூடிய பாரம் சுமார் முக்கால் டன். பவர் டில்லர் என்றால் ஏறக்குறைய 400 கிலோ, பிரச்சினை இல்லை. மினி டிராக்டர் 700, 800 கிலோ வரும். அதன் பின்னால் ரோட்டவேட்டரையும் மாட்டினால் ஒரு டன்னை நெருங்கும். அதாவது ஏற்றிய நிமிடத்திலேயே வண்டி தன் அளவைத் தாண்டிவிட்டது. இதில் டீசல் கேன், டூல்ஸ் பெட்டி, உதவிக்கு இரண்டு பேர் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாரத்துக்கும் 20,000 உண்டு. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்தது ஏற்றுவது. வண்டியின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கிடந்த ஆறடிப் பலகை இரண்டைச் சாய்த்தால் சரிவு கிட்டத்தட்ட 25 டிகிரி. அதே உயரத்துக்குப் பத்தடி நீளத்தில் சாய்தளம் போட்டால் 15 டிகிரிக்குள் வந்துவிடும். வித்தியாசம் வெறும் நாலு அடி. ஆனால் டிராக்டரைப் பொறுத்தவரை அது வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது. பின்னால் கருவி மாட்டியிருந்தால் இன்னும் அதிகம். செங்குத்தான பலகையில் முன்பக்கமாக ஏற்றி, நடுவில் தயங்கி, சட்டென்று கிளட்சை விட்டால் என்ன ஆகும்? பெரிய சக்கரம் பலகையில் பிடித்து நின்றுகொள்ளும். எஞ்சின் சக்தி சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக டிராக்டரின் உடம்பையே பின்பக்க அச்சைச் சுற்றித் தூக்கும். மூக்கு மேலே போகும். ஓட்டுபவர் அடியில் போவார். கத்துவதற்குக் கூட நேரம் இருக்காது, ஒன்றிரண்டு வினாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

இதனால்தான் சரிவு அதிகமான இடத்தில் கனமான பக்கம் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏற்றும்போது ரிவர்ஸில் ஏற்றுவது, இறக்கும்போது முன்பக்கமாக இறக்குவது. இரண்டுமே முதல் கியரில், நடுவழியில் கிளட்ச் மிதிக்காமல். பலகையின் மேல்முனை வண்டியில் கொக்கி போட்டு மாட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறுகிற உந்தலில் பலகை பின்னால் நழுவும். குட்டியானையின் பின்பக்கத்துக்குக் கீழே முட்டு கொடுக்காவிட்டால் டிராக்டர் நுனியில் ஏறும்போது வண்டியே முன்பக்கம் தூக்கும். இதையெல்லாம் தவிர்க்க ஊர்ப்பக்கத்தில் ஒரு அருமையான பழக்கம் உண்டு. வண்டியை ஒரு மண்மேட்டுக்கு ரிவர்ஸ் எடுத்து, மேடும் தளமும் சமமாக இருக்கிற இடத்தில் டிராக்டரை நேராக ஓட்டி ஏற்றிவிடுவார்கள். பைசா செலவில்லாத பாதுகாப்பு. ஆனால் ஏற்றுகிற ஊரில் மேடு இருக்கும், இறக்குகிற ஊரில் இருக்காது. மறுபடி அதே ஆறடிப் பலகை.

சரி, ஏற்றியாகிவிட்டது. கயிறு? 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒரு பொருளின் வேகம், ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த பொருள் தரையைத் தொடும்போது உள்ள வேகம். அதாவது இரண்டாவது மாடியிலிருந்து ஒரு டிராக்டரைத் தள்ளிவிட்டால் எவ்வளவு வேகத்தில் வந்து விழுமோ, அவ்வளவு. குறுக்கே ஒரு ஆடு வந்து டிரைவர் பிரேக் போட்டால் குட்டியானை நிற்கும், டிராக்டர் நிற்காது. அதற்கு முன்னால் இருப்பது கேபினின் மெல்லிய தகடு, தகட்டுக்கு அந்தப் பக்கம் டிரைவரின் முதுகு. அமெரிக்காவில் பாரம் கட்டுவதற்கு உள்ள விதி, கடும் பிரேக்கில் பாரத்தின் எடையில் பத்தில் எட்டு பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்று வைத்துக்கொண்டு கட்டச் சொல்கிறது. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதி எடை. ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். 800 கிலோ டிராக்டருக்கு 640 கிலோ. சேறு பட்ட டயரும் வழவழப்பான இரும்புத் தளமும் அதைத் தாங்காது. நைலான் கயிறோ இழுபடும், ஒருமுறை இழுபட்டால் தளர்ந்துவிடும், தளர்ந்த கயிறு கட்டாத கயிறுதான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. ராட்செட் வைத்து இறுக்குகிற பட்டை நாலு. டிராக்டரின் நாலு மூலைக்கும் ஒன்று, முன்னால் இரண்டு முன்னோக்கி, பின்னால் இரண்டு பின்னோக்கி. மாட்டுவது அச்சிலோ சேசிஸிலோ. ஸ்டியரிங்கிலும் பானெட்டிலும் அல்ல. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, ரோட்டவேட்டரைத் தளத்தில் இறக்கி வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். நாலைந்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி, பட்டையை மறுபடி இறுக்க வேண்டும், ஏனென்றால் டயர் அமுங்கும். மொத்தம் பத்து நிமிட வேலை.

குட்டியானைக்குப் பதில் இன்னொரு டிராக்டரின் டிரெய்லரில் ஏற்றுபவர்களும் உண்டு. அங்கே ஆபத்து வேறு மாதிரி. அச்சு ஒன்றே உள்ள டிரெய்லரில் பாரத்தின் பெரும்பகுதி அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும், கொக்கியின் மீது கொஞ்சம் அழுத்த வேண்டும். பின்னால் போய்விட்டால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், இழுக்கிற வண்டியையும் சேர்த்து ஆட்டும். இதைச் சொன்னால் ஏதோ வெளிநாட்டு அறிவியல் போலக் கேட்பவர்கள், தங்கள் தாத்தாவிடம் கேட்டிருக்கலாம். மாட்டு வண்டி ஓட்டிய எந்தத் தாத்தாவுக்கும் முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரம் அதிகமானால் கழுத்தில் உட்காரும். வைக்கோல் ஏற்றினாலும் மூட்டை ஏற்றினாலும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். மாடு கத்தும், அதனால் கவனித்தார்கள். டிராக்டரின் கொக்கி கத்துவதில்லை.

மாடு என்றதும் ஒரு வேடிக்கை. மாட்டை வண்டியில் ஏற்றிச் செல்ல இந்த நாட்டில் தெளிவான விதி இருக்கிறது. விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978. சரக்கு வண்டியில் ஏற்றினால் அதற்கென்று அமைத்த பின்பலகை வேண்டும், பக்கங்களில் மெத்தை வேண்டும், தளம் வழுக்கக்கூடாது, ஒரு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, கூடவே ஒரு ஆள் போக வேண்டும். மாடு எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதி, வாயில்லா ஜீவனுக்கு வேண்டியதுதான். ஆனால் அந்த மாட்டை ஏரிலிருந்து அவிழ்த்துவிட்டு அதன் இடத்துக்கு வந்த டிராக்டரை எப்படி ஏற்றுவது? பாரம் ஆபத்து விளைவிக்காதபடி இருக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு வரி. எத்தனை கட்டு, எங்கே கட்டு, எவ்வளவு சரிவு என்று விவசாயிக்கும் டிரைவருக்கும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

சரி, இந்த வட்டாரத்துக்கே பாரம் கட்டத் தெரியாதா என்றால், அதுவும் இல்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தயாராகிற ஷூவும் தோலும் கண்டெய்னரில் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. 2016 ஜூலை 1 முதல், சரக்கு நிரப்பிய எந்தக் கண்டெய்னரும் சரிபார்த்த எடைச் சான்று இல்லாமல் கப்பலில் ஏற முடியாது. அது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. யாரும் முணுமுணுக்காமல் எடை போடுகிறார்கள், ஏனென்றால் போடாவிட்டால் சரக்கு கரையிலேயே நின்றுவிடும். வெளிநாட்டுக்காரன் காலுக்குப் போகிற செருப்புக்கு எடை பார்க்கத் தெரிந்த ஊரில், உள்ளூர்க்காரன் தலைக்கு மேல் நிற்கிற டிராக்டருக்கு எடை பார்க்கத் தெரியவில்லை என்றால் நம்ப முடியுமா? தெரியும். கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த சீட்டில் உட்கார்ந்து வருகிற ஆளுக்கு வருவோம். அவர்தான் இந்த ஏற்பாட்டிலேயே மலிவான உதிரிபாகம். பட்டைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கட்டையைச் செதுக்க வேண்டும், இவரோ ஏற்கெனவே கூலிக்கு வந்திருக்கிறார். கயிற்றின் வேலையையும் அவரே பார்த்துவிடுவார். ஏதாவது நடந்தால்? 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி சரக்கு வண்டியில் போனால் காப்பீடு உண்டு என்று சேர்த்தார்கள். 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2007-ல் இன்னொரு தீர்ப்பில், சரக்கின் உரிமையாளரே ஆனாலும் கேபினில் உட்கார்ந்து வந்தால்தான் அந்தப் பாதுகாப்பு என்றது. குட்டியானைக்காரரின் சொந்த வேலையாள் என்றால் அது வேறு கணக்கு. ஆனால் டிராக்டரோடு வருகிறவர் பெரும்பாலும் டிராக்டர்காரரின் ஆள், உட்கார்ந்திருப்பதும் கேபினில் இல்லை, பாரத்தின் மேல். அவர் குடும்பத்துக்குக் கோர்ட்டில் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

டிரெய்லர் மட்டும் என்ன வாழ்ந்தது? 2007-லேயே, செங்கல் சூளைக்கு மண் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் மண்ணின் மேல் உட்கார்ந்து வந்த ஒரு தொழிலாளியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டிரெய்லருக்குக் காப்பீடே இல்லை, டிராக்டரும் விவசாய வேலையில் இல்லை, ஆகவே கம்பெனி பொறுப்பல்ல என்றது தீர்ப்பு. தொழிலாளியின் ஏழ்மையைப் பார்த்து, கம்பெனி இப்போதைக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் தனி அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஆற்காடு பக்கம் சூளைகளுக்குக் குறைவில்லை. படித்துப் பார்க்க வேண்டிய தீர்ப்பு.

கூட்டமாகச் செத்தால் மட்டும் செய்தியாகிறது. 2022 அக்டோபர் 1-ல் கான்பூர் அருகே கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். டிரெய்லரில் ஆளை ஏற்றாதீர்கள் என்று அந்த மாநில முதல்வரே வேண்டுகோள் விடுத்தார். ஒருவர் இருவராகச் சாகிறவர்களுக்கு அறிக்கை கிடையாது. உள்ளூர்ப் பதிப்பில் நாலு வரி, "டிராக்டர் கவிழ்ந்து தொழிலாளி பலி". பலகையின் நீளம் அந்த நாலு வரியில் வருவதில்லை.

இதற்கெல்லாம் வழக்கமான பதில்கள் மூன்று. "இத்தனை வருஷமா இப்படித்தான் ஏத்துறோம், ஒண்ணும் ஆனதில்ல." ஆனவர்கள் வந்து பதில் சொல்ல மாட்டார்கள் என்பதால் இந்த வாதம் எப்போதும் ஜெயிக்கும். "பத்து கிலோமீட்டர்தான், இதுக்குப் போயா?" பிரேக் போட வேண்டிய ஆடு பதினோராவது கிலோமீட்டரில்தான் வரும் என்று யார் சொன்னது? மூன்றாவது பதில் கொஞ்சம் நியாயமானது. "விவசாயிகிட்ட காசு ஏது?" இதை மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

காசு இருக்கிறது. யாருடைய கணக்கில் எழுதுவது என்பதுதான் தகராறு. டிராக்டர் முதலாளி மணிக்கு இவ்வளவு என்று உழவுக்கு வாங்குகிறார், ஏற்றுவது குட்டியானைக்காரர் பாடு என்கிறார். குட்டியானைக்காரர் டிரிப்புக்கு வாடகை வாங்குகிறார், கட்டுவது டிராக்டர்காரர் பாடு என்கிறார். விவசாயி இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு வரப்பில் நிற்கிறார். விற்ற டீலருக்கு விற்றதோடு சரி. மானியம் கொடுத்த அதிகாரிக்கு இலக்கு முடிந்ததோடு சரி. ஐந்து பேர் லாபக் கணக்கிலும் வராத அந்தச் செலவு, கடைசியில் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆறாவது ஆளின் உடம்பில் எழுதப்படுகிறது.

இப்படிச் செலவைப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கொட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாலாற்றில் தோல் கழிவு கொட்டப்பட்ட கதையும் இதேதான். தோலின் விலையில் ஆற்றின் விலை சேரவில்லை. 1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துகிறவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்த இதே பகுதியின் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற அந்தப் பாடம் இந்த ஊர் தண்ணீரிலிருந்து எழுதப்பட்டது. அதே பாடத்தை டிராக்டருக்கும் எழுதினால் என்ன? ஏற்றிச் சம்பாதிக்கிறவரே ஏற்றும் செலவை ஏற்கட்டும்.

எப்படி? இரு சக்கர வாகனம் வாங்கும்போது ஹெல்மெட் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. அதேபோல் மானியத்தில் போகிற ஒவ்வொரு மினி டிராக்டரோடும் பவர் டில்லரோடும் கொக்கி வைத்த பத்தடி சாய்தளம் ஒரு ஜோடி, பட்டை நாலு, கட்டை நாலு சேர்த்தே பில் போட வேண்டும். டிராக்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது கிழிந்த நோட்டு. எங்கே கட்ட வேண்டும் என்பதற்கு டிராக்டரிலேயே தமிழில் ஒரு குறி இருக்க வேண்டும். வாடகை மையம் கொடுக்கிற ரசீதில் உழவுக் கூலிக்குக் கீழே "ஏற்றுக் கூலி, கட்டும் பொருளோடு" என்று தனி வரி வர வேண்டும். வரி வந்தால்தான் விவசாயி, "காசு வாங்கினியே, பட்டை எங்கப்பா?" என்று கேட்பார். ஒவ்வொரு ஊராட்சியும் ஊர் எல்லையில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு மண்மேடு போட்டு, முகப்பில் கல் கட்டிவிட்டால் ஏற்றவும் இறக்கவும் பலகையே தேவைப்படாது. பாரத்தின் மேல் ஆள் உட்கார்ந்தால் அபராதம் டிரைவருக்கு மட்டும் அல்ல, வாடகைக்கு விட்டவருக்கும் போட வேண்டும்.

இதைச் செய்யாமல் வருஷா வருஷம் ஜனவரியில் பேனர் கட்டி "விழிப்புணர்வு" ஊர்வலம் போவதில் பிரயோஜனம் இல்லை. சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து வருகிறவருக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. வண்டி குலுங்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் அவர்தான் விழித்திருக்கிறார். தூங்குவது ரசீது எழுதுகிறவர்கள்.